காலத்துக்கு முன் ஓயும் சினைப்பை: ஒரு மருத்துவ வரலாறு

பெண்ணின் மாதவிடாய் முற்றாக நிற்பது பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிகழும் இயல்பான மாற்றம். அதுவே 40 வயது நிறைவதற்கு முன் நிகழுமானால், கருமுட்டைகளை வளர்த்து வெளியிடுவதும் ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்களைச் சுரப்பதுமாகிய இரு வேலைகளையும் செய்யும் சினைப்பை காலத்துக்கு முன்பே தளர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். இருபதுகளிலும் முப்பதுகளிலும், சில வேளைகளில் பூப்பெய்தும் பருவத்திலேயேகூட, பெண்களைப் பற்றும் இந்நிலை நெடுங்காலமாகப் பிள்ளைப்பேறு இல்லாமை என்ற ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டு வந்தது. குழந்தை பெற இயலாதவள் என்ற தீர்ப்போடு அவளைப் பற்றிய விசாரணை முடிந்துவிட்டதால், அவளுடைய எலும்பும் இதயமும் உறக்கமும் மனமும் அதே காரணத்தால் பாதிக்கப்படுகின்றன என்பதை மருத்துவம் உணர்வதற்கு 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முட்டைகளின் கிடங்காக மட்டும் எண்ணப்பட்ட சினைப்பை, உடல் முழுவதையும் பேணும் சுரப்பியாக அறியப்பட்ட கதையே இந்நோயின் வரலாறு. அந்த அறிவு நோயாளியைச் சென்றடைவதில் நேர்ந்த, இன்றும் நேர்ந்துவருகிற தாமதமும் அவ்வரலாற்றின் பகுதியே.

பழைய நூல்களில் வயதின் எல்லை

மாதவிடாய் நிற்கும் வயதைப் பழங்கால மருத்துவர்கள் கூர்ந்து கவனித்திருந்தனர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், பெரும்பாலான பெண்களுக்கு 40 வயதளவில் அது நிற்பதாகவும், அதைக் கடந்தவர்களுக்கு 50 வரை நீடிப்பதாகவும் எழுதினார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த எபேசஸ் நகரத்து சொரேனஸ், பெண்நோய்களைப் பற்றிய தம் நூலில் ஏறத்தாழ இதே எல்லைகளைக் குறித்தார். இந்தியாவில் சுசுருத சம்ஹிதை, மாதவிடாய் 12 வயதில் தொடங்கி 50 வயதில் தேய்ந்து முடியும் என்று வகுத்தது. வாழ்நாள் குறைவாக இருந்த காலங்களிலும் இந்த எல்லைகள் இன்றைய கணக்கிலிருந்து வெகுவாக விலகாதிருப்பது, மாதவிடாய் நிற்கும் வயதைத் தீர்மானிக்கும் பொறி உடலின் ஆழத்தில் அமைந்தது என்பதைக் காட்டுகிறது.

ஆனால் அந்த வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்களைப் பற்றி அம்மருத்துவ மரபுகள் தந்த விளக்கம் வேறு. உடலில் சேரும் மிகைக் குருதியே மாதந்தோறும் வெளியேறுகிறது என்று கிரேக்க மரபு நம்பியதால், அது வராமற்போவது அடைப்பு என்றும், உள்ளே தங்கிய குருதி தலைக்கும் நெஞ்சுக்கும் ஏறித் துன்பம் தருகிறது என்றும் கொள்ளப்பட்டது. அந்த நம்பிக்கையின் வழியே உதிரத்தைத் தூண்டும் மூலிகைக் கஷாயங்களும், நாளத்தைக் கீறிக் குருதி எடுத்தலும், அட்டை விடுதலும் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டு வரை கையாளப்பட்டன. நோயின் இருப்பிடம் சினைப்பை என்று எவருக்கும் தோன்றவில்லை. ஏனெனில் அவ்வுறுப்பின் வேலை என்ன என்பதே அன்று தெளிவாகத் தெரியாது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ரெக்னியர் டி கிராஃப், 1672-இல் வெளியிட்ட நூலில், சினைப்பையின் மேற்பரப்பில் நீர் நிரம்பிய சிறு கொப்புளங்கள் இருப்பதை விவரித்து, கருவுக்கான முட்டை அங்கிருந்தே வருகிறது என்று வாதிட்டார். கருமுட்டையைத் தன்னுள் வைத்து வளர்க்கும் அந்த நுண்பைகளே இன்று ஃபாலிக்கிள்கள் எனப்படுகின்றன. முட்டையையே கண்ணால் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர். 1827-இல் நாயின் சினைப்பையிலிருந்து எடுத்த நுண்பைக்குள் அதை நுண்ணோக்கியில் கண்டறிந்தார். இதற்கிடையே பிரெஞ்சு மருத்துவரான கார்டான், 1816-இல் மாதவிடாய் நிறைவைக் குறிக்கத் தனிச்சொல் ஒன்றை உருவாக்கி, 1821-இல் அதை மெனோபாஸ் என்று சுருக்கினார். 1857-இல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட், பெண்களின் இந்த மாற்றத்தைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். ஓர் உறுப்பின் அமைப்பும், ஒரு பருவத்தின் பெயரும் இவ்வாறு தனித்தனியே கிடைத்துவிட்டன. அவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி மட்டும் அறுவைக்கூடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

கத்தி காட்டிய உண்மை

அந்தக் கண்ணியின் முதற்சான்று 1775-இலேயே அச்சேறியிருந்தது. லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த பெர்சிவல் பாட், ஏறத்தாழ 23 வயதான பணிப்பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். அவருக்கு இரண்டு கவட்டிலும் சிறு வீக்கங்கள் இருந்தன; குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியாதபடி அவை வலித்தன. அவற்றை அறுத்தெடுத்தபோது, குடலிறக்கத்தின் வழியாக வெளியே சரிந்திருந்த இரு சினைப்பைகளே அவை என்று தெரியவந்தது. அப்பெண் உடல்நலத்தோடு தேறினார் என்றாலும், சில ஆண்டுகளுக்குப் பின்னரும் அவருக்கு மாதவிடாய் வரவில்லை. பருத்திருந்த மார்பகங்கள் சுருங்கி மறைந்தன. உடல் மெலிந்து தசைகள் புடைத்துத் தெரிந்தன. பாட் இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. கண்டதைக் கண்டபடி சில வரிகளில் எழுதிவைத்தார். சினைப்பை இல்லாமற்போன இளம்பெண்ணின் உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றிய மிகத் தெளிவான தொடக்கக்கால மருத்துவக் குறிப்பு அதுவே.

நூறாண்டு கழித்து, தற்செயலாக நேர்ந்த அந்த இழப்பு திட்டமிட்டுச் செய்யப்படும் சிகிச்சையாக மாறியது. 1872-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பேட்டியும், ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹேகரும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் லாசன் டெய்ட்டும், ஒருவரையொருவர் சாராமல், பெண்களின் சினைப்பைகளை அகற்றும் அறுவையை மேற்கொண்டனர். பேட்டியின் நோக்கம் வெளிப்படையானது: மாதவிடாயோடு தொடர்புடையவை என்று தாம் கருதிய துன்பங்களைத் தீர்க்க, மாதவிடாய் நிறைவைச் செயற்கையாகக் கொண்டுவருவது. கட்டியோ புண்ணோ இல்லாத சினைப்பைகளும் இதற்காக வெட்டியெடுக்கப்பட்டன. மாதவிடாய் வலியில் தொடங்கி வலிப்பு, மனக்கலக்கம் வரை பலவற்றுக்கும் இது மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டு, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரவியது. கிருமி நீக்கும் முறைகள் வேரூன்றாத அக்காலத்தில் அறுவையின்போதே பலர் மாண்டனர். பிழைத்த இளம்பெண்கள் திடீர் வெப்ப அலைகளோடும் வியர்வையோடும் உறக்கமின்மையோடும் வாழ்ந்தனர். சினைப்பை அறுவையில் பெயர்பெற்ற ஸ்பென்சர் வெல்ஸ் போன்றவர்களே இதைக் கண்டித்து எழுதிய பின்னும், இவ்வழக்கம் ஓய்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

பெண்ணுடலைக் கேட்பாரற்ற பொருளாகக் கருதிய அந்த அறுவையை எந்த மருத்துவ முன்னேற்றமும் நியாயப்படுத்திவிட முடியாது. ஆயினும் அதற்கு உள்ளான பெண்கள் பட்ட துன்பமே, சினைப்பை என்பது முட்டை தரும் உறுப்பு மட்டுமாக இருக்க இயலாது என்ற எண்ணத்தை மருத்துவர்களின் மனத்தில் எழுப்பியது. 1896-இல் கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது, சிலருக்குக் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதினார். அடிவயிற்றில் உள்ள ஓர் உறுப்பு மார்பகத்தின் மீது தொலைவிலிருந்தே ஆட்சி செலுத்துகிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

சுரப்பியாக உணரப்பட்ட காலம்

பீட்சன் எழுதிய அதே 1896-இல், வியன்னாவில் ருடால்ஃப் குரோபாக்கின் மருத்துவமனையைச் சேர்ந்த எமில் க்னாவர், முயல்களின் சினைப்பைகளை அவற்றின் இடத்திலிருந்து பிரித்து உடலின் வேறொரு பகுதியில் ஒட்டிவைத்த சோதனைகளை வெளியிட்டார். நரம்புத் தொடர்பு அறுபட்ட பின்னும், ஒட்டிய சினைப்பை உயிரோடிருந்த விலங்குகளில் கருப்பை சுருங்கவில்லை. ஆகவே சினைப்பை தன் கட்டளைகளை நரம்பின் வழியே அனுப்பவில்லை, குருதியில் கலக்கும் ஏதோ ஒரு பொருளின் வழியே அனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. அத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். அந்தப் பொருள் இன்னதென்று தெரியாத நிலையிலேயே, விலங்குகளின் சினைப்பைகளை உலர்த்திப் பொடித்த மாத்திரைகள் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு விற்கப்பட்டன. அவற்றில் பயனுள்ள சத்து மிகக் குறைவாகவே இருந்தது.

1923-இல் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் இந்தத் தேடலை முடிவுக்குக் கொண்டுவந்தனர். இறைச்சிக்கூடங்களிலிருந்து பெற்ற பன்றிகளின் சினைப்பைகளில், நுண்பைகளுக்குள் இருந்த நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்து, சினைப்பை அகற்றப்பட்ட எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அவ்வெலிகளின் பிறப்புறுப்பில் இனப்பருவத்துக்குரிய மாற்றங்கள் தோன்றின. முட்டையைப் பேணும் அதே நுண்பைதான் ஹார்மோனையும் ஆக்குகிறது என்பதை இது காட்டிற்று; முட்டைகள் தீர்ந்தால் ஹார்மோனும் ஏன் தீர்கிறது என்பதற்கான விடையும் அதிலேயே அடங்கியிருந்தது. 1929-இல் டாய்சியும் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட்டும் கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைத் தனித்தனியே படிகமாகப் பிரித்தெடுத்தனர். சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் கலவை, பிரிமரின் என்ற பெயரில் 1942-இல் அமெரிக்காவில் மாத்திரையாக விற்பனைக்கு வந்தபோது, இழந்த ஹார்மோனை ஈடுசெய்வது அன்றாட மருத்துவத்தில் இயலக்கூடியதாயிற்று.

எலும்பும் சிறுநீரும் தந்த சான்று

காலத்துக்கு முன் ஓயும் சினைப்பை முழு உடலையும் பாதிக்கும் நோய் என்பதை நிறுவியவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஃபுல்லர் ஆல்பிரைட். எலும்பின் திண்மை குறைந்து, சிறு அழுத்தத்திலும் முதுகெலும்பு நொறுங்கும் எலும்புப்புரை நோயாளிகளை அவர் ஆராய்ந்தபோது, அவர்களுள் 65 வயதுக்கு உட்பட்ட 42 பேரில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்களாக இருப்பதைக் கண்டார். முதுமையால் மட்டும் எலும்பு தேய்வதானால் ஆண்களும் அதே அளவில் வந்திருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைவே எலும்பைத் தேய்க்கிறது என்று 1941-இல் அவர் முன்வைத்த முடிவு பிற்கால ஆராய்ச்சிகளால் உறுதிபெற்றது. எலும்பைக் கரைக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கிவைக்கிறது என்பதும், அது இல்லாதபோது கரையும் வேகம் கட்டும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது என்பதும் இன்று தெளிவாகத் தெரிந்தவை. 50 வயதில் மாதவிடாய் நின்றவருக்கு இப்படியானால், 25 வயதில் நின்றவர் மேலும் கால் நூற்றாண்டு அந்தத் தேய்மானத்தைச் சுமக்க வேண்டும்.

ஆல்பிரைட்டின் அடுத்த பங்களிப்பு நோயைக் கண்டறியும் முறையைப் பற்றியது. 1938-இல் ஓக்லஹோமா மருத்துவர் ஹென்றி டர்னர், உயரம் குறைந்து, கழுத்தின் இருபுறமும் தோல் மடிப்போடு, பூப்பெய்தாமல் இருந்த ஏழு பெண்களை விவரித்திருந்தார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் குறைபாடே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். 1942-இல் ஆல்பிரைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அத்தகைய பெண்களின் சிறுநீரைச் சோதித்தபோது, சினைப்பையைத் தூண்டுவதற்காகப் பிட்யூட்டரி அனுப்பும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அதில் மிகுதியாக இருந்தது. பிட்யூட்டரி பழுதுபட்டிருந்தால் அது குறைந்திருக்க வேண்டும். சினைப்பையிலிருந்து மறுமொழி வராததால், பிட்யூட்டரி மேலும் மேலும் அதிகமாகத் தூண்டுகிறது என்பதே அந்த மிகுதியின் பொருள். இவ்வாறு குறை எங்கே இருக்கிறது என்பதைச் சிறுநீரே காட்டிக்கொடுத்தது. அந்நிலைக்கு ஆல்பிரைட் சினைப்பையின் முதன்மைப் போதாமை என்று பெயரிட்டார். இன்றைய மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எஃப்.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை இந்தத் தருக்கத்தின் நேர்வழித் தொடர்ச்சியே. மிகச் சிறு அளவிலான ஹார்மோனையும் கதிரியக்கக் குறியீட்டின் உதவியால் குருதியில் அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய பின்னரே அப்பரிசோதனை எளிதாயிற்று. அதற்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார்.

மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் நிறைந்திருப்பது வேறொரு பயனையும் தந்தது. இத்தாலியில் கன்னிமாடங்களில் வாழ்ந்த மூத்த துறவியரிடமிருந்து சேகரித்த சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைக் கொண்டு, முட்டை வெளிவராத பெண் ஒருவர் குழந்தை பெறும்படி 1962-இல் இஸ்ரேலில் புரூனோ லூனன்ஃபெல்ட் சிகிச்சை அளித்தார். ஆனால் சினைப்பையே ஓய்ந்துவிட்ட பெண்களுக்கு அம்மருந்தால் பயனில்லை. தூண்டுதல் அவர்களிடம் ஏற்கெனவே மிகுதி, தூண்டப்படுவதற்கான நுண்பைகளே குறைவு.

முட்டைகளின் கணக்கும் காரணங்களின் தேடலும்

நுண்பைகள் ஏன் தீர்ந்துபோகின்றன என்பதை அறிய, அவை எப்போது தோன்றுகின்றன என்பது தெரிய வேண்டும். 1870-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் வால்டெயர், முட்டைகள் யாவும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன என்று கருதினார். அதற்கு மாறான கருத்துகளும் பல பத்தாண்டுகள் நிலவின. 1951-இல் சாலி சுக்கர்மன் சான்றுகள் அனைத்தையும் தொகுத்து வால்டெயரின் கருத்தையே நிலைநிறுத்தினார். பின்னர் செய்யப்பட்ட எண்ணிக்கைகளின்படி, தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் பெண்கருவுக்கு ஏறத்தாழ 70 லட்சம் முட்டைச் செல்கள் உள்ளன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமும், பூப்பெய்தும்போது 3 முதல் 4 லட்சமும் எஞ்சுகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சில நூறு மட்டுமே. மற்றவை தாமாகவே அழிகின்றன. வரவே இல்லாமல் செலவு மட்டுமே நடக்கும் வைப்புத்தொகை போன்றது இது. தொடக்க இருப்பு குறைவாக இருந்தாலோ, செலவு விரைவாக நடந்தாலோ, வெளியிலிருந்து வரும் தாக்குதலால் இருப்பு அழிந்தாலோ, மாதவிடாய் காலத்துக்கு முன்பே நின்றுபோகிறது.

இந்த மூன்று வழிகளுக்கும் உரிய காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. டர்னர் விவரித்த பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லை அல்லது சிதைந்திருக்கிறது என்பதை 1959-இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டின் குழு கண்டறிந்தது. பிறக்கும் பெண்குழந்தைகளில் ஏறத்தாழ 2,500-இல் ஒருவருக்கு இக்குறை உள்ளது. 1968-இல் எடின்பரோவைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. இர்வினும் அவருடைய குழுவினரும், அட்ரினல் சுரப்பியை அழிக்கும் அடிசன் நோயும் சினைப்பை ஓய்வும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவதை ஆராய்ந்து, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்குவதே அதற்குக் காரணம் என்று காட்டினர். தைராய்டு குறைபாடும் இத்தகைய பெண்களிடம் மிகுதி என்பதால், இன்று இவ்விரு சுரப்பிகளும் சேர்த்தே சோதிக்கப்படுகின்றன. 1991-இல் அறிவுத்திறன் குறைபாட்டோடு தொடர்புடைய எஃப்.எம்.ஆர்.1 மரபணு கண்டறியப்பட்டது. அதில் ஒரு குறிப்பிட்ட மூவெழுத்துத் தொடர் 55 முதல் 200 முறை வரை மிகுந்து வரும் பெண்கள் தாம் நலமாக இருந்தாலும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு சினைப்பை முன்கூட்டியே ஓய்கிறது. அவர்களுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடு நேரும் வாய்ப்பும் உண்டு. இதனால் ஒரு பெண்ணின் நோயறிதல் அவளுடைய சகோதரியருக்கும் எச்சரிக்கையாகிறது.

புற்றுநோய் மருத்துவம் முன்னேறியபோது மற்றொரு காரணம் பெருகியது. அடிவயிற்றில் செலுத்தும் கதிர்வீச்சும், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும் புற்றுச் செல்களோடு நுண்பைகளையும் அழிக்கின்றன. ரத்தப் புற்றிலிருந்து மீண்ட சிறுமியர் சிலர் பூப்பெய்த மருத்துவ உதவியை நாட வேண்டியவர்களாயினர். இவ்வளவு கண்டறிந்த பின்னும், பெரும்பாலான பெண்களுக்குத் திட்டவட்டமான காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. அதை நோயாளியிடம் நேர்மையாகச் சொல்வதும் மருத்துவத்தின் கடமையே, ஏனெனில் காரணம் தெரியாத இடத்தில் பெண்கள் தம் உணவையோ நடத்தையையோ குறைசொல்லிக்கொள்ளத் தொடங்குகிறார்கள்.

வரையறையும் எண்ணிக்கையும்

1967-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜியானா சீகர் ஜோன்ஸும் டி மொரேயஸ்-ருயசனும், 40 வயதுக்கு முன் நேரும் இந்நிலைக்கு முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்ற பெயரில் வரையறை தந்தனர். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் நிலைத்தது; ஆனால் செயலிழப்பு என்றால் எல்லாம் முடிந்தது என்று நோயாளிகள் புரிந்துகொண்டனர். உண்மை அவ்வாறில்லை: பலருக்குச் சினைப்பை இடையிடையே விழித்து இயங்குகிறது, நோய் உறுதியான பின்னரும் 100 பேரில் 5 முதல் 10 பேர் வரை இயல்பாகவே கருத்தரிக்கின்றனர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் லாரன்ஸ் நெல்சன் உள்ளிட்டோர் ஆல்பிரைட்டின் பழைய பெயருக்கே திரும்ப வேண்டும் என்று 2000-களில் வலியுறுத்தினர். இன்று உலகளாவிய வழிகாட்டு நெறிகள் போதாமை என்ற சொல்லையே பயன்படுத்துகின்றன.

1986-இல் மின்னசோட்டா மாநிலத்து ரோசெஸ்டர் நகரின் பெண்களை ஆராய்ந்த கரோலின் கூலமின் குழு, 40 வயதுக்குள் 100-இல் ஒருவருக்கும், 30 வயதுக்குள் 1,000-இல் ஒருவருக்கும் இது நேர்வதாகக் கணக்கிட்டது. அண்மைத் தொகுப்பாய்வுகள் இதை உயர்த்தியுள்ளன. 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க, பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறி, 100-இல் மூன்று அல்லது நான்கு பெண்கள் என்ற அளவில் இதை மதிப்பிடுகிறது. மாதவிடாய் குறைந்தது நான்கு மாதம் வராமலோ ஒழுங்கு தவறியோ இருக்கும் 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு, எஃப்.எஸ்.எச். அளவு லிட்டருக்கு 25 யூனிட்டுக்கு மேல் இருப்பதே நோயறிதலுக்குப் போதும் என்றும், ஐயம் இருந்தால் மட்டும் மறுமுறை சோதிக்கலாம் என்றும் அது கூறுகிறது.

தாய்மைக்குத் திறந்த வழிகள்

சினைப்பை ஓய்ந்தாலும் கருப்பை பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது என்ற உண்மையிலிருந்து புதிய சிகிச்சை ஒன்று பிறந்தது. 1983-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு, சினைப்பை ஓய்ந்த 25 வயதுப் பெண் ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் முறையாகக் கொடுத்துக் கருப்பையைப் பக்குவப்படுத்தி, மற்றொரு பெண் தானமளித்த முட்டையிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை அதில் வைத்தது. குழந்தை நலமாகப் பிறந்தது. சினைப்பை சுரக்க வேண்டிய ஹார்மோன்களை வெளியிலிருந்து கொடுத்தே ஒரு கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. இந்தியாவில் மும்பை மருத்துவர் இந்திரா ஹிந்துஜா, முட்டை தானத்தின் வழியே 1991-இல் முதல் குழந்தையைப் பிறக்கச் செய்தார். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு 1990-இல் சென்னையில் வழிவகுத்த கமலா செல்வராஜ், தம் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேர்ந்துகொண்ட பொருளும் முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பே.

முட்டை தானம் பெருகியபோது, வறுமையால் முட்டை கொடுக்கும் பெண்களின் உடல்நலம் கேள்விக்குறியாயிற்று. 2021-இல் இயற்றப்பட்ட இந்திய இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், தானமளிப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும் என்றும், வாழ்நாளில் ஒரே முறை மட்டுமே கொடுக்கலாம் என்றும், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் வரையறுத்தது. புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பே சினைப்பைத் திசுவை உறையவைத்துப் பின்னர் திரும்பப் பொருத்தும் முறையில் 2004-இல் பெல்ஜியத்தில் ழாக் டோனேயின் குழு ஒரு குழந்தையின் பிறப்பை அறிவித்தது. 2005-இல் செயின்ட் லூயிஸ் நகரில், 14 வயதிலேயே சினைப்பை ஓய்ந்துபோன பெண்ணுக்கு, அவருடைய ஒருகரு இரட்டைச் சகோதரியின் சினைப்பைத் திசுவை ஷெர்மன் சில்பர் பொருத்தியதால் குழந்தை பிறந்தது.

ஓர் ஆய்வு விளைவித்த அச்சம்

குழந்தைப்பேற்றுக்கான வழிகள் இவ்வாறு விரிந்த அதே காலத்தில், அன்றாட ஹார்மோன் சிகிச்சை பின்னடைவைச் சந்தித்தது. 1960-களில் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் என்றும் இளமை தரும் மருந்தாக விளம்பரப்படுத்தப்பட்டுக் கண்மூடித்தனமாகப் பரவியது. அதைத் தனியாக உட்கொண்டால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்பது 1975-இல் தெரியவந்த பின், கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துத் தரும் வழக்கம் உண்டாயிற்று. 2002-இல், 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களிடம் அமெரிக்க அரசு நடத்திய ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றும் இதயநோயும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. இயல்பான வயதில் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்தவர்களுக்குக் கூடுதலாக ஹார்மோன் கொடுப்பதைப் பற்றிய முடிவு அது; 30 வயதில் இருக்க வேண்டியதை இழந்த பெண்ணுக்கு அதை ஈடுசெய்வதைப் பற்றியதன்று. ஆயினும் செய்தி பரவிய வேகத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோய், இளம்பெண்களும் தம் மருந்தைக் கைவிட்டனர். மருத்துவர்களும் எழுதிக்கொடுக்கத் தயங்கினர்.

தயக்கத்தின் விலை என்ன என்பதை வேறு ஆய்வுகள் காட்டின. 45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் பெறாத பெண்களிடம் இறப்பு விகிதம் கூடியிருப்பதை 2006-இல் மேயோ மருத்துவமனையின் வால்டர் ரோக்காவின் குழு வெளியிட்டது. இதனால், தக்க தடை இல்லாத எல்லாப் பெண்களும் மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரையேனும் ஹார்மோன் ஈடுசெய் சிகிச்சை பெற வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டு நெறிகளின் ஒருமித்த கருத்து. மார்பகப் புற்றுநோய் போன்ற காரணங்களால் அதைப் பெற இயலாதவர்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்க வேறு வழிகள் தேடப்படுகின்றன.

இந்தியாவின் தனிக்கவலை

இந்தியாவில் இவ்வரலாற்றுக்குக் கசப்பான ஒரு பகுதி உண்டு. இங்கே பல பெண்கள் இளவயதிலேயே கருப்பையை அறுவையால் இழக்கின்றனர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் முதன்முறையாக இதைப் பற்றிக் கேட்டபோது, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு மூன்று பேருக்கு மேல் கருப்பை அகற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது இருமடங்குக்கும் மேலாக இருந்தது. பெரும்பான்மை அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. கருப்பை மட்டும் எடுக்கப்பட்டால் மாதவிடாய் நின்றாலும் சினைப்பை தொடர்ந்து இயங்குகிறது, ஆனால் சில ஆண்டுகள் முன்பே ஓயக்கூடும். சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டால் ஒரே நாளில் ஹார்மோன் நின்றுபோகிறது. எது எடுக்கப்பட்டது என்பதே தெரியாமல் வீடு திரும்பும் பெண்களுக்கு, எலும்பைக் காக்க மருந்து வேண்டும் என்று சொல்லும் ஏற்பாடும் இருப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், வேலைநாளை இழக்காமலிருக்க வேண்டிய நெருக்கடியில் உள்ள கரும்பு வெட்டும் தொழிலாளப் பெண்களிடையே இவ்வறுவை பரவலாக நடந்தது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தேவையற்ற கருப்பை அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று, மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. பேட்டியின் அறுவைக்கு எதிராக 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அதே கேள்வி, நோயில்லாத உறுப்பை ஏன் அகற்ற வேண்டும் என்ற கேள்வி, 150 ஆண்டுகள் கழித்து இந்திய நீதிமன்றத்தில் விடை தேட நேர்ந்தது.

அறிவும் அதைத் தொடர வேண்டிய செயலும்

பாட் தம் பணிப்பெண் நோயாளியைப் பற்றி எழுதிய நாளிலிருந்து இன்று வரையிலான 250 ஆண்டுகளில், சினைப்பை எதனால் ஓய்கிறது என்பதில் பாதியே தெளிந்திருக்கிறது. அது ஓய்ந்தால் உடலுக்கு என்ன நேர்கிறது, அதை எவ்வாறு ஈடுசெய்வது என்பவை ஏறத்தாழ முழுமையாகவே தெளிந்துவிட்டன. எலும்பைப் பற்றிய எச்சரிக்கை 1941-இலேயே கிடைத்துவிட்டது. நோயைக் காட்டும் ஹார்மோன் 1942-இல் அடையாளம் காணப்பட்டது. ஈடுசெய்யும் மருந்தும் அதே ஆண்டில் கடைக்கு வந்தது. எனவே இளம் வயதில் மாதவிடாய் நின்ற ஒரு பெண், குழந்தை வேண்டுமா என்ற ஒரே கேள்வியோடு திருப்பி அனுப்பப்படுவதற்கும், மணமாகாதவள் என்பதாலோ பிள்ளைகள் பெற்றுவிட்டவள் என்பதாலோ சிகிச்சை தேவையற்றவளாகக் கருதப்படுவதற்கும், இனி அறியாமையைக் காரணம் காட்ட இயலாது. மலடி என்ற வசையால் அவளைப் பேசிய சமூகம், அவளுடைய குறை தைராய்டு குறைவைப் போலவும் நீரிழிவைப் போலவும் ஒரு சுரப்பியின் குறை என்பதை ஏற்க வேண்டும். 40 வயதுக்குட்பட்ட எந்தப் பெண்ணுக்கும், கருவுறாத நிலையில், மாதவிடாய் நான்கு மாதம் வராதிருந்தால், அதை உடற்சூடு என்றோ மனக்கவலை என்றோ ஒதுக்கிவிடாமல் எஃப்.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்வதும், குறை உறுதியானால் எலும்பின் திண்மையை அளந்து, மருத்துவர் மேற்பார்வையில் 50 வயதளவு வரை ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்வதும் அவளுக்குரிய உரிமை. அதைக் கேட்டுப் பெறுமாறு அவளுக்கு எடுத்துச் சொல்வது குடும்பத்தின், மருத்துவரின், அரசு சுகாதார நிலையத்தின் பொறுப்பு.